கீபோர்டு கைகொடுக்காத மாணவர்கள் கணினியில் எழுதுவது எப்படி? பரீட்சை ஹாலில் எதற்கு அனுமதி?

கேம் ஆடும்போது ஷிஃப்ட் கீயை ஐந்து முறை தொடர்ந்து தட்டியிருக்கீங்களா? 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும். நாம் எரிச்சலோடு மூடிவிடும் அந்த வசதி, ஒரே கையால் அல்லது ஒரே விரலால் டைப் செய்பவர்களுக்கானது. கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தத் தேவையில்லை, ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும். செலவும் இல்லை.

பெருமூளை வாதமோ, தசைச் சிதைவோ, தண்டுவடக் காயமோ, முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த மாணவரால் சோர்வில்லாமல் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிற அசைவு எது?

கை நடுங்குபவருக்கு, கீபோர்டின் மேல் பொருத்தும் துளையிட்ட தகடு உதவும். கையைத் தகட்டில் ஊன்றிக்கொண்டு துளைக்குள் விரலை விட்டால் பக்கத்து எழுத்து அழுந்தாது. மவுஸை நகர்த்துவது கஷ்டம் என்றால் டிராக்பால் இருக்கு. கருவி அசையாது, பந்தை மட்டும் உருட்டினால் போதும். தலையை மட்டுமே அசைக்க முடியுமா? தலைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்விட்ச். திரையில் எழுத்து வரிசைகள் மாறி மாறி ஒளிரும். வேண்டிய வரிசைக்கு ஒரு தட்டு, வேண்டிய எழுத்துக்கு இன்னொரு தட்டு. மெதுவான வேலைதான், ஆனால் வாக்கியம் முழுக்க அவருடையது.

கண் அசைவைக் கவனித்து இயங்கும் ஐ டிராக்கர்தான் பார்க்கப் பிரமாதம். விலை அதிகம், கண்ணும் களைத்துப்போகும். அகச்சிவப்பு ஒளியை நம்பி வேலை செய்வதால் ஜன்னல் வெயிலில் தடுமாறும். குரல் தட்டச்சு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பெருமூளை வாதம் உள்ள பலருக்குப் பேச்சும் தெளிவாக வராது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, 40% அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை தகுந்த உதவிக் கருவிகளை இலவசமாகத் தரச் சொல்கிறது.

சரி, பரீட்சை? வருஷம் முழுக்க டிராக்பாலில் கோடிங் பழகியவரிடம், கடைசி நேரத்தில் "ஸ்க்ரைப் வெச்சுக்கோங்க" என்றால் அடைப்புக்குறி, அரைப்புள்ளி உட்பட எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். இது வேறு பரீட்சை. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் தந்த வழிகாட்டுதல், முடிந்தவரை கணினியில் எழுதும் விருப்பத்தைத் தரச் சொன்னது. சொந்த லேப்டாப்புக்கு அது அனுமதி தரவில்லை. ஆனால் கீபோர்டு, தனக்கேற்ற மவுஸ் போன்றவற்றைக் கணினித் தேர்வில் அனுமதிக்கச் சொன்னது. கணினியை முந்தைய நாளே சோதித்துப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அதனால் விண்ணப்பத்திலேயே கருவியின் பெயரை எழுதிக் கேட்பது நல்லது. முந்தைய நாள் அதைச் செருகியும் பார்த்துவிடுங்கள். யுஎஸ்பி போர்ட்டை முடக்கி வைத்திருக்கிறார்களா என்பது அப்போதுதான் தெரியும்.