அடினாய்டு அகற்றல்

அடினாய்டு அகற்றல் என்பது மூக்கின் பின்புறம், அண்ணத்திற்கு மேலே அமைந்துள்ள அடினாய்டு எனப்படும் நிணநீர்த் திசுவை நீக்கும் அறுவைச் சிகிச்சை ஆகும். இது பெரும்பாலும் குழந்தைகளுக்கே செய்யப்படுகிறது. தனியாகவும், டான்சில் அகற்றலுடன் சேர்த்தும் செய்யப்படுவதுண்டு.

அமைப்பு

டான்சிலும் அடினாய்டும் ஒன்றல்ல. வாயைத் திறந்தால் தொண்டையின் இருபுறமும் தெரிபவை டான்சில்கள். அடினாய்டு அண்ணத்திற்கு மேல் மறைந்திருப்பதால், அதை மூக்கு வழியாகச் செலுத்தும் அகநோக்கியாலோ பக்கவாட்டு ஊடுகதிர்ப் படத்தாலோதான் காண இயலும். மூச்சுடன் உட்புகும் கிருமிகளை எதிர்கொள்வதில் இதற்குப் பங்குண்டு. மழலைப் பருவத்தில் வளர்ந்து, ஏறத்தாழ 3 முதல் 7 அகவை வரை பெரிதாக இருந்து, பதின்ம அகவையில் தானே சுருங்கிவிடுகிறது.

தானே சுருங்கும் ஒன்றை ஏன் அகற்ற வேண்டும் என்னும் பெற்றோரின் கேள்வி நியாயமானதே. அச்சதை எதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும்.

தேவைப்படும் நிலைகள்

மூக்கின் பின்வாயில் அடைபட்டால் குழந்தை வாயால் மூச்சு விடும், குறட்டை விடும், மூக்கடைத்த குரலில் பேசும். அடைப்பு மிகுந்தால் உறக்கத்தின் நடுவே மூச்சு சில நொடிகள் நின்று, பின் திணறலுடன் மீளும். இது உறக்க மூச்சுத்தடை எனப்படும். உறக்கம் கெடுவதால் பகலில் கவனக்குறைவும் எரிச்சலும் தோன்றலாம். இத்தகைய குழந்தைகளுக்கு டான்சிலும் அடினாய்டும் சேர்த்தே அகற்றப்படுவது வழக்கம்.

அடினாய்டுக்கு அருகில்தான் நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் ஊத்தேக்கியக் குழாயின் வாய் உள்ளது. வடிகாலின் வாய் அடைபட்டால் நீர் தேங்குவது போல, நடுச்செவியில் பசை போன்ற நீர் தேங்குகிறது. இதில் வலி இல்லாதிருக்கலாம். குழந்தைக்குக் காது மந்தமாவது மட்டுமே நிகழும். பேச்சுக் கற்கும் வயதில் இது பல மாதம் நீடித்தால் இழப்பு பெரிது. அழைத்தால் திரும்பாத குழந்தையைப் பிடிவாதக்காரன் எனக் கடிந்துகொள்ளும் முன் செவித்திறனைச் சோதிப்பது நலம். செவி நீருக்காக மட்டும் எனில், 4 அகவைக்குக் குறைந்தோருக்குப் பொதுவாக அடினாய்டு அகற்றல் பரிந்துரைக்கப்படுவதில்லை.

சளி பிடித்தபோது வீங்கும் அடினாய்டு பின்னர் தணியக்கூடும். எனவே உயிர்மூச்சுக்கு இடரில்லாத நிலையில், சில வாரம் மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதும் ஒரு வழி.

செய்முறை

முழு மயக்கத்தில், வாய் வழியாகவே அறுவை நடைபெறும். வெளியில் வெட்டுக்காயமோ தையலோ இராது. வளைந்த சுரண்டுகருவி, மின்சூடு, கோப்ளேஷன் ஆகியன பயன்படுகின்றன. பெரும்பாலான குழந்தைகள் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றனர்.

இடர்கள்

இரத்தக்கசிவே முதன்மையான இடர். ஆகவே குருதி உறைதல் குறைபாடு உள்ளதா என முன்பே வினவப்படும். குழந்தை அடிக்கடி விழுங்கிக்கொண்டிருப்பது கசிவின் அறிகுறியாகலாம். வாய்நாற்றம் சில நாள் இருந்து மறையும். அண்ணப்பிளவு உள்ளோர்க்கு இச்சதை நீங்கினால் மூக்கின் பின்வாயில் சரியாக மூடாது. பேச்சில் காற்று மூக்கு வழியே கசியும். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பது மறைந்துள்ள அண்ணப்பிளவைக் காட்டக்கூடும் என்பதால் அறுவைக்கு முன் அது கவனிக்கப்படுகிறது. சிறு வயதில் அகற்றினால் சிலருக்கு மீண்டும் வளர்வதுண்டு.

டென்மார்க்கில் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, 9 அகவைக்குள் இவ்வறுவை செய்துகொண்டோரிடம் பிற்காலத்தில் மூச்சுமண்டல நோய்கள் கூடுதலாக இருந்ததாகக் கூறியது. அறுவைதான் அதற்குக் காரணம் என இத்தகைய பதிவாய்வால் நிறுவ இயலாது.

வரலாறு

இந்நோயை 1868இல் தெளிவாக விவரித்தவர் கோப்பனேகன் நகர மருத்துவர் வில்லெம் மெயர். காது மந்தமாகவும் பேச்சு தெளிவற்றும் இருந்தோரின் அண்ணத்தின் பின்னே விரலால் தடவி இச்சதையைக் கண்டறிந்த அவர், மூக்கு வழியே வளையக் கத்தியைச் செலுத்தி அதை நீக்கினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வறுவை அளவுக்கு மீறிப் பரவியது. நியூயார்க்கின் கீழைக் கிழக்குப் பகுதியில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே இது செய்யப்பட்டது. அங்கு வாழ்ந்த யூதக் குடியேறிகளிற் பலர் ஆங்கிலம் அறியாதவர்கள். 1906 ஜூனில், மருத்துவர்கள் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கின்றனர் என்ற வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான தாய்மார் பள்ளிகளை முற்றுகையிட்டனர். தம் பிள்ளைகள் வெளியே வரக் கண்ட பின்னரே அவர்கள் கலைந்து சென்றனர்.