ஷெட்டுக்குள்ள ஒரு மெர்லின்

இன்னைக்கு முழுக்க ஒரே ஒரு இன்ஜினைப் பத்திதான் பேசப்போறோம். ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். வி-12, 27 லிட்டர். முதல் தடவை ஓடினது 1933-ல. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லங்காஸ்டர், மாஸ்கிட்டோ, அப்புறம் அமெரிக்காவோட மஸ்டாங்னு, இரண்டாம் உலகப் போர் படம் எதைப் போட்டாலும் பின்னணியில உறுமுறது பெரும்பாலும் இதுதான். பேர் மந்திரவாதி மெர்லினோடது இல்ல. மெர்லின்னு ஒரு சின்ன வல்லூறு இருக்கு, அதோட பேர்.

இந்த இன்ஜினை வீட்டு ஷெட்டுல வெச்சுப் பழுது பார்க்கிறவங்க இங்கிலாந்துல இருக்காங்க. திரும்பப் பறக்க வைக்கிறதுக்காக இல்ல. அதுக்கு அங்கீகாரம் வாங்கின பட்டறை வேணும், அந்தச் செலவு வேற லெவல். இவங்க இலக்கு எளிமையானது: ஒரு டிரெய்லர் மேல ஏத்தி, கட்டையா வெட்டின புரொப்பெல்லர் மாட்டி, தரையிலேயே ஓட விடறது.

எனக்கு இருந்த கேள்வி இதுதான். நான் எழுதின கோடை 2 வருஷம் கழிச்சு நானே திறந்தா புரியாது. 80 வருஷத்துக்கு முந்தின இன்ஜினை, அதைச் செஞ்சவங்க ஒருத்தர்கூடப் பக்கத்துல இல்லாம, ஒரு ஆள் எப்படிப் பிரிச்சு மாட்டறாரு?

முதல்ல அவர் என்ன பார்ப்பாருன்னு பார்ப்போம். 12 பிஸ்டன், 48 வால்வு, 24 ஸ்பார்க் பிளக். ஒரு சிலிண்டருக்கு ரெண்டு பிளக், ரெண்டு தனித்தனி மேக்னெட்டோ. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். பழைய இன்ஜின்ல பிஸ்டன்கள் லைனரோட இறுகிப் போயிருக்கும். எண்ணெய் ஊத்தி வாரக்கணக்குல ஊற வைக்கணும், சுத்தியலைத் தூக்கக்கூடாது. ஒரு பக்கத்து சிலிண்டர் பிளாக்கைத் திரும்ப இறக்கும்போது 6 பிஸ்டனும் ஒரே நேரத்துல உள்ள போகணும். ஒரு ரிங் உடைஞ்சா திரும்ப முதல்ல இருந்து. தனியா செய்யற வேலை இல்ல அது, நாலு கை வேணும்.

அதுக்கு முன்னாடியே ஒரு தடை வரும். நம்ம மெட்ரிக் ஸ்பேனர் எதுவும் சரியா உட்காராது. எல்லாமே பிரிட்டிஷ் மரை. 1841-ல ஜோசஃப் விட்வொர்த் முன்வெச்ச அளவுமுறையும் அதோட வாரிசுகளும். மரையோட கோணம் 55 டிகிரி. அமெரிக்காவுல 60.

இந்த 5 டிகிரி வித்தியாசம் போர்ல பெரிய தலைவலியாச்சு. 1940-ல பிரிட்டனுக்கு மெர்லின் பத்தல. அமெரிக்காவுல ஹென்றி ஃபோர்டுகிட்ட கேட்டாங்க. மகன் எட்சல் சரின்னாரு, அப்பா முடியாதுன்னுட்டாரு. வெளிநாட்டுக்குப் போர்க் கருவி செய்ய மாட்டேன்னாரு. வேலை டெட்ராய்ட்ல இருந்த பேக்கர்ட் கார் கம்பெனிக்குப் போச்சு. அந்த பிரிட்டிஷ் மரையை வெட்டற டாப்பும் டையும் அங்க கிடைக்கல. மரையை மாத்தியிருந்தா பேக்கர்ட் இன்ஜினுக்கு பிரிட்டிஷ் ஸ்பேர் பொருந்தாது. அதனால பேக்கர்ட் தானே அந்த டாப், டையைச் செஞ்சுக்கிச்சு. இன்டர்ஃபேஸை உடைக்காதே, டூலை நீ எழுதிக்கோ. 55,000-க்கும் மேல இன்ஜின் அங்க இருந்து வந்தது.

இதைவிட எனக்குப் பிடிச்ச கதை மான்செஸ்டர்ல நடந்தது. அப்பா ஃபோர்டு மறுத்தாலும், பிரிட்டன்ல இருந்த ஃபோர்டு கிளை டிராஃபோர்ட் பார்க்ல மெர்லின் செய்ய ஒத்துக்கிச்சு. ஃபோர்டு இன்ஜினியர்கள் டெர்பிக்கு வந்து ரோல்ஸ் ராய்ஸ் வரைபடங்களைப் பார்த்தாங்க. இதை வெச்சு எங்களால செய்ய முடியாதுன்னாங்க. அங்க ஸ்டான்லி ஹூக்கர் இருந்தாரு, கணிதம் படிச்சுட்டு 1938-ல சேர்ந்தவர், மெர்லினோட சூப்பர்சார்ஜரை மேம்படுத்தினவர். கார் பண்றவங்களுக்கு நம்ம துல்லியம் எட்டாது போலன்னு அவர் நினைச்சுக்கிட்டாரு. பதில் நேர் எதிரா வந்தது. உங்க டாலரன்ஸ் ரொம்பத் தாராளம், நாங்க காரையே இதைவிடத் துல்லியமா செய்யறோம்னாங்க.

டாலரன்ஸ்னா, சொன்ன அளவுல இருந்து எவ்வளவு கூடக் குறைய இருந்தா பரவாயில்லைங்கிறது. டெர்பியில அந்த இடைவெளியை நிரப்பினது ஃபிட்டரோட கை. அரம் போட்டுத் தேய்ப்பாரு, பொருந்தற ஜோடியைத் தேடி எடுப்பாரு. பல வருஷ அனுபவம். அந்த அறிவு வரைபடத்துல இல்ல, விரல்ல இருந்தது. ஃபோர்டு லைன்ல அந்த விரல் கிடையாது. அங்க வேலைக்கு வந்தவங்கள்ல நிறைய பேர் ஃபேக்டரியையே பார்க்காதவங்க, பெண்கள் நிறைய. பெட்டியில இருந்து எந்தப் பாகத்தை எடுத்தாலும் எந்த இன்ஜின்லயும் உட்காரணும்.

அதனால ஃபோர்டு வரைபடங்களைத் திரும்ப வரைஞ்சது. கிட்டத்தட்ட ஒரு வருஷம். போர் நடந்துட்டிருக்கு, குண்டு விழுது, இவங்க உட்கார்ந்து டிராயிங் போடறாங்க. எந்த மேனேஜரும் இன்னைக்கு ஒத்துக்க மாட்டாரு. ஆனா அங்க இருந்து 30,000-க்கும் மேல இன்ஜின் வெளிய வந்தது. எல்லா ஆலையும் சேர்த்து மொத்தம் சுமார் 1.5 லட்சம்.

என்னோட கேள்விக்கான பதில் பெரும்பகுதி இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஷெட்டுல இருக்கிறவருக்கும் டெர்பி ஃபிட்டரோட விரல் கிடையாது. அவர்கிட்ட இருக்கிறது விமானப்படையோட மெயின்டனன்ஸ் மேனுவல், அளவுகள், வேற ஒரு செத்த இன்ஜின்ல இருந்து கிடைச்ச பாகம். அந்தப் பாகம் இதுல பொருந்தும்னு நம்பி வாங்கறாரே, அந்த நம்பிக்கை போர்க்காலத்துல உருவானது. அதுக்காக ஃபிட்டரோட திறமை பழசு, தேவையில்லைன்னு சொல்ல வரல. மேனுவல்ல இல்லாத இடம் இன்னும் இருக்கு. அரிச்சுப்போன அலுமினியத்தை எதுவரைக்கும் நம்பலாம்ங்கிறதை எந்த டேபிளும் சொல்லாது.

சரி, இன்ஜின் எங்க இருந்து கிடைக்கும்? பறக்கற தரத்துல இருக்கிற மெர்லின் வீட்டு பட்ஜெட்டுக்கு வராது. நிறைய பேர் போறது மெட்டியோர் பக்கம். மெர்லின்ல இருந்து சூப்பர்சார்ஜரை எடுத்துட்டு டாங்கிக்காக மாத்தினது அது, சுமார் 600 குதிரைத்திறன். செஞ்சுரியன் டாங்கியில இருந்தது. 1971-ல பசந்தர் சண்டையில அருண் கேத்தர்பால் சண்டை போட்ட டாங்கி செஞ்சுரியன்தான். ஸ்பிட்ஃபயர் குடும்பத்து இன்ஜின் நம்ம ராணுவத்துலயும் ஓடியிருக்கு.

இன்னொரு வழி, விமானம் விழுந்த இடத்தைத் தோண்டறது. இங்க கொஞ்சம் நிதானிக்கணும். வேகமா விழுந்த விமானத்துல இன்ஜின்தான் மண்ணுக்குள்ள ஆழமாப் போயிருக்கும். சில நேரம் பைலட்டும் அங்கேயே இருப்பாரு. பிரிட்டன்ல 1986-ல வந்த சட்டப்படி, ராணுவப் பணியில இருந்தப்போ விழுந்த விமானத்தைப் பாதுகாப்பு அமைச்சக உரிமம் இல்லாமத் தொடக்கூடாது. உடல் இருக்க வாய்ப்புன்னா உரிமம் கொடுக்கறதில்ல. யூடியூப்ல ரெஸ்டோரேஷன் வீடியோ பார்க்கிறப்போ, துருவைச் சுரண்டற சத்தம் நல்லாத்தான் இருக்கும். அந்த இன்ஜின் கடைசியா நின்னது எப்படின்னும் ஒரு நிமிஷம் கேளுங்க.

எல்லாம் மாட்டி முடிச்சாச்சுன்னு வெச்சுக்குவோம். உடனே ஸ்டார்ட் பண்ண முடியாது. வருஷக்கணக்கா காய்ஞ்சு கிடந்த பேரிங்குல எண்ணெய் இல்லாம சுத்தினா சில நொடியில போயிடும். வெளியில இருந்து பம்ப் வெச்சு அழுத்தத்தோட எண்ணெய் ஏத்தணும். பிளக்கைக் கழட்டிட்டு புரொப்பெல்லரைக் கையால சுத்திப் பார்க்கணும். பிளக் திரும்ப மாட்டினதுக்கு அப்புறம் அதைத் தொடவே கூடாது; மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்ல, கை பட்டாலே ஒரு சிலிண்டர் வெடிக்கலாம். அப்புறம் தீயணைப்பானோட ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். நீலப் புகை, நாலஞ்சு இருமல், 12 சிலிண்டரும் ஒவ்வொண்ணா சேர்ந்துக்கும். முதல் தடவை சில நிமிஷம்தான். உடனே அணைச்சு, ஆயில் ஃபில்டரைக் கழட்டி, வெளிச்சத்துல பிடிச்சு, உலோகத் துகள் ஏதாவது மின்னுதான்னு பார்ப்பாங்க.