துவக்கும் மருந்தும்

கோட்டைகளையும் பீரங்கிகளையும் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். அப்பீரங்கிக்குள் இட்ட மருந்து எங்கிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது என்பன பற்றி அவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மருந்தற்ற துவக்கு வெறும் இரும்புக் குழாயன்றோ? யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனை அடுத்த வன்னியிலும் வேட்டைக்கும் பயிர்க் காவலுக்கும் துவக்கெடுத்தோரின் கதையைத் துருவிப் பார்ப்பின், அது பெரிதும் மருந்துக்கும் தோட்டாவுக்கும் காத்திருந்தோரின் கதையாகவே காணப்படுகின்றது.

வெடிமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றின் கலவை. நூற்றுக்கு 75, 15, 10 என்பது ஐரோப்பியர் பொதுவாகக் கைக்கொண்ட அளவு. கரிக்கு நம் நாட்டில் என்றும் குறைவில்லை. வெடியுப்பை மலைநாட்டார் குகை மண்ணைக் கழுவிக் காய்ச்சி எடுத்தனர். அம்முறையை 1821 இல் வெளிவந்த தம் நூலில் ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் விவரித்துள்ளார். கந்தகமோ கடல் கடந்தே வரவேண்டும். சுண்ணக்கல் நிலமாகிய குடாநாடு இவற்றிற்குப் பிறர் கையையே நோக்கியிருந்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்த போர்த்துக்கேயரும், 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும், 1795 இல் வந்த ஆங்கிலேயரும் கப்பல்வழி வந்த மருந்தைக் கோட்டைக்குள் வைத்துக் காத்தவர்களே. ஒல்லாந்தக் கம்பெனிக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் வெடியுப்பை மிகுதியாக அளித்தவை வங்காளமும் பீகாரும். 1803 ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை வென்று பீரங்கிகளைக் கைப்பற்றினான் என்பதை மாணவர் அறிவர். ஆயினும் பீரங்கியைக் கைப்பற்றுவது வேறு, அதற்குத் தொடர்ந்து மருந்தூட்டுவது வேறு. அவ்வாண்டு அக்டோபர் முடிவில் அவன் கற்சிலைமடுவில் தோல்வியுற்றான்.

ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்தபின் மருந்து கடைச்சரக்காயிற்று. அக்காலத்து வன்னியில் யானை பயிருக்குப் பகை எனக் கருதப்பட்டமையால், கொன்றவருக்கு அரசாங்கம் தலைக்குச் சில சில்லிங் பரிசளித்தது. 1848 க்கு முன் மூன்றாண்டிலும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று எமர்சன் டெனென்ற் எழுதுகின்றார். பரிசுப் பணம் மருந்தின் விலையை விஞ்சியிருந்தபோது நிகழ்ந்தது இது! இன்று அக்காட்டில் யானையைக் காப்பதற்குச் சட்டம் வேண்டியிருக்கின்றது.

கிராமத்தான் கையிலிருந்தது பெரும்பாலும் வாய்வழி மருந்திட்டு இடிக்கும் துவக்கு. வன்னி மக்கள் அதனை ‘இடியன்’ என்பர். இதன் சிறப்பு ஒன்றுண்டு. மருந்து அருகினால் அளவைக் குறைத்து இடிக்கலாம்; ஈயச் சன்னம் கிடையாவிடின் பழைய இரும்புத் துண்டுகளை இடலாம். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பின்புறம் திறக்கும் தோட்டாத் துவக்கு பரவியதும் அச்சுதந்திரம் போயிற்று. பன்னிரண்டாம் எண் துவக்கு என்பது அதன் குழாயளவுக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு ஓர் இறாத்தல் நிறுக்கும் என்பதைக் குறிப்பது. அக்குழாய்க்கு அத்தோட்டாவேயன்றிப் பிறிதொன்று பொருந்தாது. புதிய துவக்கு விரைவானது, குறி தவறாதது. அதனுடன் வேடன் தூரத்துத் தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் கச்சேரிக்கும் அடிமையானான். ‘அடிமை’ என்ற சொல் மிகையாகத் தோன்றலாம். பின் நிகழ்ந்தவற்றை நோக்கின் அது மிகையன்று.

1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலச் சட்டம் துவக்குக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1937 இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு சுண்டிக்குளம் பறவைச் சரணாலயமாகியது. மாரியில் வரும் தாராக்களைப் பொழுதுபோக்காகச் சுட்டோருக்கு அங்கே கதவு அடைந்தது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலத் தொழிற்சாலைகள் படைக்கே உழைத்தன. 1960 களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1967 நவம்பரில் ரூபாவின் மதிப்பு நூற்றுக்கு 20 குறைக்கப்பட்டது. 1971 ஏப்ரலில் தெற்கே கிளர்ந்தெழுந்த இளைஞர் கையில் இருந்தவை பெரும்பாலும் தோட்டாத் துவக்குகளும் வீட்டிற் செய்த குண்டுகளுமே. அதன்பின் தோட்டாவை வெறும் வேட்டைப் பொருளாக எவ்வரசும் நோக்க முடியவில்லை. 1983 முதல் 2009 வரை நடந்த போரிலோ வடக்கில் வேட்டைத் துவக்கு என்ற பேச்சுக்கே இடமில்லாது போயிற்று. மண்ணெண்ணெயும் மின்கலமும் அருமையான குடாநாட்டில் தோட்டாவை யார் கேட்பார்?

தட்டுப்பாடு வறிய நாடுகளுக்கே உரியதன்று. 2020 இல் பெருந்தொற்றும் அரசியற் கலக்கமும் கூடிய அமெரிக்காவில் துவக்கு வாங்குவோர் பற்றிய விசாரணைப் பதிவுகள் ஏறத்தாழ 4 கோடியை எட்டின. கடைகளில் தோட்டா அற்றுப்போய் விலை பன்மடங்காயிற்று. 2022 இல் உக்ரேன் போர் மூண்டபின், பருத்தியிலிருந்து செய்யப்படும் புகையற்ற மருந்துக்குப் படைகளே போட்டியிட்டன. அவ்வாண்டிலேயே இலங்கையில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது.

பொழுதுபோக்காகச் சுடுவோன் விலை ஏறினால் வீட்டிலிருப்பான். பன்றி உழக்கிய வயலையுடைய வன்னிக் கமக்காரன் அவ்வாறிருக்க இயலாது. அவ்விடத்திலேதான் கட்டுத்துவக்கும், தீனிக்குள் மறைத்த வெடியும் புகுகின்றன. தோட்டாவின் அருமையே இவற்றிற்கு ஒரே காரணம் என்று கூறலாகாது; உரிமம் பெறுதலின் வருத்தமும், காடு குறைந்தமையும், களவாக இறைச்சி விற்போரின் ஆசையும் உடன்நிற்பன. ஆனால் கட்டுத்துவக்கின் கம்பி பன்றியையும் விறகுக்குப் போன மனிதனையும் பிரித்தறியாது. பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக் கன்றுகள் உண்ண முடியாது பல நாள் துன்புற்றுச் சாகின்றன.