பத்து மணி முதல் நான்கு மணி வரை

'கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மெண்டு உத்தியோகம்' என்று நம்மவர்கள் சொல்வது உண்டு. வேலை பிடித்திருக்கிறதா, மனத்துக்கு இதமாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அந்தப் பழமொழியில் இடமே கிடையாது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். வயதான காலத்தில் பென்ஷன் வரும். பெண் கொடுக்க வருகிறவர் மறுபேச்சுப் பேசமாட்டார். இவ்வளவு போதாதா? போதாது என்று நினைத்தவர்களும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மறுநாள் காலையில் அதே நாற்காலியில் போய்த்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏன் உட்கார்ந்தார்கள்? முப்பத்து மூன்று வருஷம் ஒரே காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்து, அந்த முப்பத்து மூன்று வருஷமும் அதைத் திட்டிக்கொண்டே இருந்த ஒருவரை வைத்து இதை யோசிக்கலாம். அவர் பெயர் சார்லஸ் லாம். ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கதைகளாகச் சொல்லும் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அவருடைய காரியாலயமும் நமக்கு அந்நியமானதல்ல. லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மாளிகை அது. சென்னைக் கோட்டைக்கு உத்தரவுகள் அங்கிருந்துதான் புறப்பட்டன.

லாம் அங்கே 1792 ஏப்ரலில் சேர்ந்தார். வயது பதினேழு. தகப்பனார் ஒரு வக்கீலிடம் ஊழியம் பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் லாமுக்குக் கவி கோல்ரிட்ஜ் தோழர். கெட்டிக்காரப் பையன்தான், ஆனால் பேச்சு திக்கும். அந்தக் காலத்தில் அந்தப் பள்ளியிலிருந்து சர்வகலாசாலைக்குப் போகிறவன் பாதிரியாராகப் போக வேண்டியவன். திக்குவாய்க்காரன் பிரசங்க மேடை ஏற முடியுமா? ஆகவே கோல்ரிட்ஜ் கேம்பிரிட்ஜுக்குப் போனார், லாம் கணக்குப் பிள்ளையானார். முதல் மூன்று வருஷம் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. ஏதோ சன்மானம் கொடுத்தார்கள். அதற்கு மேல்தான் சம்பளம் ஆரம்பம்.

வேலை என்ன? கம்பெனிக் கப்பல்களில் வந்து இறங்கும் தேயிலை, அவுரி நீலம், மருந்துச் சரக்கு, துணி ஆகியவற்றின் விலையையும் விற்பனையையும் பெரிய பெரிய பேரேடுகளில் இறகுப் பேனாவால் பதிவது. இன்று பதிந்ததை நாளை கூட்டிச் சரிபார்ப்பது. மறுநாள் வேறொரு பேரேடு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. கம்பெனி வாங்கிய துணியில் சோழமண்டலக் கரையில் நெய்த லாங்கிளாத்தும் உண்டு. கடலூரிலும் மற்ற இடங்களிலும் இருந்த கம்பெனிக் கிடங்குகள் நெசவாளிகளுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கின. முன்பணம் வாங்கியவன் வேறு வியாபாரிக்கு நெய்யக் கூடாது. துணி வந்து சேரும்வரை தறிவீட்டு வாசலில் சேவகனை உட்கார வைப்பதும் உண்டு. அந்த நெசவாளியை வேலை செய்ய வைத்தது எது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை; அது வாசலில் தடியோடு உட்கார்ந்திருந்தது. லண்டனில் இருந்த குமாஸ்தாவுக்கு வாசலில் சேவகன் இல்லை. எழுந்து போய்விட்டால் யாரும் இழுத்து வரமாட்டார்கள். அப்படியிருந்தும் அவர் போகவில்லை.

லாமுக்கு மேரி என்று ஒரு தமக்கை. அவரைவிடப் பத்து வயது மூத்தவள். தையல் வேலை செய்து சம்பாதித்தாள். பகலெல்லாம் ஊசி, இரவில் நடமாட முடியாத தாயாருக்குப் பணிவிடை. இப்படி நாளும் தூக்கமில்லாமல் உழைத்த பெண்ணுக்கு 1796 செப்டம்பர் 22 அன்று புத்தி தடுமாறிவிட்டது. சாப்பாட்டு மேஜை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கத்தியை எடுத்துத் தையல் பழக வந்த சிறு பெண்ணைத் துரத்தினாள். தடுக்க வந்த தாயாரைக் குத்திக் கொன்றுவிட்டாள். கத்தியை அவள் கையிலிருந்து பிடுங்கியவர் சார்லஸ். அவருக்கு அப்போது வயது இருபத்தொன்று. அதே வருஷத் தொடக்கத்தில் அவரே ஆறு வாரம் சித்தப்பிரமை விடுதியில் இருந்து திரும்பியவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சித்தம் கலங்கிச் செய்தது என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். மூத்த சகோதரர் வசதியுள்ளவர். மேரி ஆயுள் முழுவதும் விடுதியிலேயே இருக்கட்டும் என்றார். சார்லஸ் சம்மதிக்கவில்லை. நான் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். சம்பவம் நடந்து பதினைந்து நாள்கூட ஆவதற்குள் அவர் கோல்ரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்: குடும்பத்துக்கு வருஷ வரும்படி 170, 180 பவுன், அதில் 50, 60 பவுன் மேரிக்காக ஒதுக்கலாம். குமாஸ்தாவின் கணக்கு! பகலெல்லாம் அவுரிக்கும் தேயிலைக்கும் போட்ட கூட்டல் கழித்தலை அன்று தன் வீட்டுக்குப் போட்டார். எனக்கு அந்தக் கடிதத்தில் மற்ற எதையும்விட அந்த எண்கள்தாம் நெஞ்சைத் தொடுகின்றன.

1799-ல் தகப்பனார் இறந்த பிறகு மேரி வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு இருவரும் பிரியவில்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேரிக்கு நோய் அடிக்கடி திரும்பி வரும். வரப்போவதை அவளே உணர்ந்து சொல்லிவிடுவாள். அப்போது அக்காளும் தம்பியும் கைகோத்துக்கொண்டு, கண்ணீர் விட்டபடி, வயல்வெளி வழியாக விடுதியை நோக்கி நடந்து போனதைப் பார்த்த நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். விடுதியில் கையைக் கட்டிப்போடும் சட்டையையும் அவர்களே எடுத்துப் போவார்களாம். விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கட்ட வேண்டும். கம்பெனியின் சம்பளம் அதற்குத்தான்.

இந்த மேரியை வெறும் நோயாளியாக நினைத்துவிடக் கூடாது. ஷேக்ஸ்பியர் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவள் அவள்தான். 1807-ல் புத்தகம் வந்தபோது அட்டையில் தம்பியின் பெயர் மட்டும் இருந்தது. 1815-ல் புனைபெயரில் தையல் வேலையைப் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினாள். பதினோரு வருஷம் ஊசியால் பிழைத்தவள் அவள். ஆண்களுக்கு வேலை நேரம் வேறு, ஓய்வு நேரம் வேறு என்று கோடு கிழித்திருக்கிறது, பெண்களுக்கு அந்தக் கோடு இல்லை என்பது அவளுடைய வாதம். வசதியுள்ள பெண்கள் பொழுதுபோக்காகத் தைத்துத் தள்ளுவதால் ஊசியை நம்பிப் பிழைக்கும் ஏழைப் பெண்ணின் கூலி போகிறது என்றும் எழுதினாள். தம்பி பத்து மணி முதல் நான்கு மணி வரை சிறைவாசம் என்று புலம்பிக்கொண்டிருந்த அதே வீட்டில், நான்கு மணி என்று ஒன்று இருப்பதே பெரிய பாக்கியம் என்று தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள்!

தம்பியின் புலம்பலுக்குக் குறைவே இல்லை. அவர் சேர்ந்த புதிதில் ஏசுவின் சீடர்கள், புனிதர்கள் பெயரில் ஏகப்பட்ட விடுமுறைகள் இருந்தன. நாளடைவில் ஒவ்வொன்றாகக் குறைத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் பட்ட ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கம்பெனிக் காகிதத்தில், கம்பெனி மையில், கம்பெனி நேரத்தில் நண்பர்களுக்கு நீள நீளமாகக் கடிதம் எழுதித் தீர்த்துக்கொண்டார். தினமும் தாமதமாக வருகிறீரே என்று மேலதிகாரி கேட்டதற்கு, "அதற்குப் பதிலாகச் சீக்கிரமே போய்விடுகிறேனே!" என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. நம் ஊர் ஆபீஸ்களில் இதைச் சொல்லிவிட்டு எத்தனை பேர் தப்பமுடியும்?

1822 மார்ச்சில் கவி வோர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதிய கடிதத்தில், முப்பது வருஷமாகியும் நுகத்தடி கழுத்துக்குப் பழகவில்லை என்று அழாத குறையாகச் சொல்கிறார். பத்து மாதம் கழித்து, 1823 ஜனவரியில், பெர்னார்டு பார்ட்டன் என்ற இன்னொரு கவிஞருக்கு எழுதுகிறார். பார்ட்டன் ஒரு பாங்கியில் குமாஸ்தா. வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பிப் பிழைக்கலாமா என்று யோசனை கேட்டிருந்தார். லாம் அலறிவிட்டார்! புத்தகக் கடைக்காரர்களை நம்புவதைவிட மலையுச்சியிலிருந்து குதிப்பது மேல், பாங்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்பது அவர் சொன்ன புத்தி. பார்ட்டன் கேட்டுக்கொண்டார், 1849-ல் இறக்கும்வரை அந்தப் பாங்கியிலேயே இருந்தார்.

இந்த இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் படித்தால் சிலருக்கு லாம் பொய்யர் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்தையே வயிற்றுக்கு நம்பியிருந்த நண்பர்கள் பட்ட பாட்டை அவர் கூடவே இருந்து பார்த்தவர். தன் நாற்காலியை வெறுக்கும் உரிமையும், இன்னொருவன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதைத் தடுக்கும் உரிமையும் அவருக்கு ஒரே அனுபவத்திலிருந்து வந்தவை.

அதே மாளிகையில் வேறு மாதிரி மனிதர்களும் இருந்தார்கள். 1823-ல், பதினேழு வயதில், ஜான் ஸ்டூவர்ட் மில் அங்கே வேலைக்கு வந்தார். கம்பெனிக்கும் இந்திய சமஸ்தானங்களுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை எழுதித் தயாரிப்பது அவர் வேலையாயிற்று. இந்தியாவை ஒருநாளும் கண்ணால் பார்த்தவரல்லர். தத்துவ விசாரங்களுக்கு நடுவில் ஆபீஸ் வேலை தனக்கு ஓய்வாக இருந்தது என்று தன் சரித்திரத்தில் சொல்கிறார். கம்பெனி ஆட்சி 1858-ல் முடிகிறவரை இருந்தார். நாவலாசிரியர் பீகாக் 1819 முதல் 1856 வரை அங்கே இருந்து, நீராவிக் கப்பல்கள் விஷயத்தில் மிக ஊக்கமாக உழைத்தார். மூளைக்கு வேலை இருக்கிற நாற்காலிகள் அவை. லாமின் நாற்காலி கூட்டல் கணக்கு நாற்காலி. மில்லைப் பார்த்து லாமைக் குறைசொல்வது நியாயமல்ல.

1825-ல் விடுதலை வந்தது. உடல்நிலையைக் காரணம் காட்டி ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். மார்ச் 29, செவ்வாய்க்கிழமை, டைரக்டர்கள் அவரை அனுப்பிவைத்தார்கள்: ஆண்டுக்கு 450 பவுன் பென்ஷன். தாராளமான தொகை. வோர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதிய கடிதத்தில் தலைகால் புரியாத சந்தோஷம் தெரிகிறது. இகலோகத்திலிருந்து நித்தியத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது என்கிறார். வீட்டில் மேரி ஒவ்வொரு நாள் காலையிலும், நமக்கு ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்ற மங்கலான உணர்வோடு கண் விழிக்கிறாளாம்.

பென்ஷன் வாங்கிய மனிதனைப் பற்றி அவர் உடனே எழுதிய கட்டுரை மிகவும் பெயர் பெற்றது. அதில் அந்த மனிதன் பழைய ஆபீஸுக்கு ஒரு நடை போய்ப் பார்க்கிறான். தன் மேஜையில் இன்னொருவன். தன் தொப்பியை மாட்டிய ஆணியில் இன்னொரு தொப்பி. அது நியாயம்தான் என்று தெரிந்தும் அவனுக்குப் பிடிக்கவில்லை. கூட உழைத்தவர்களை விட்டுவிட்டு வந்ததற்காக மனம் குத்துகிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. லாமின் பெயரை நிலைநிறுத்திய 'எலியா' கட்டுரைகளில் பெரும்பகுதி 1820-லிருந்து 1825-க்குள் எழுதியவை. அதாவது ஆபீஸ் முடிந்த சாயங்காலங்களில். நேரமெல்லாம் தனக்கே சொந்தமான பிறகு அவர் எழுதியது குறைந்தது. குடித்தார், தெருத்தெருவாக நடந்தார். 1826-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் நடிகர் காரிக் சேர்த்துவைத்த பழைய நாடகங்களை ஒன்றுவிடாமல் படிக்கத் தொடங்கினார். சுமார் இரண்டாயிரம் நாடகங்கள். அங்கே போகும் நேரம் காலை பத்து மணி. திரும்பும் நேரம் மாலை நான்கு மணி. இது எனக்கு ஒரு ஆபீஸ் மாதிரி, நேரமும் அதேதான் என்று பார்ட்டனுக்கு அவரே எழுதினார்! யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. தாமதமாக வந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. 1829-ல் அதே பார்ட்டனுக்கு இன்னொரு கடிதம்: வேலை இல்லாமல் இருப்பது மிதமிஞ்சிய வேலையைவிட மோசம், மனம் தன்னையே தின்ன ஆரம்பித்துவிடுகிறது என்று.

ஆகவே அவருக்கு அந்த வேலை உள்ளூரப் பிடித்திருந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? சில விமரிசகர்கள் கட்டிவிடுகிறார்கள். முப்பத்து மூன்று வருஷம் ஒரு மனிதன் வலிக்கிறது என்று சொன்னால் வலித்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மேரிக்காக உட்கார்ந்தார், உட்கார்ந்த பழக்கம் எலும்பில் ஏறிவிட்டது. எது காரணம், எது பழக்கம் என்று பிறகு அவராலேயே பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று. 1827-ல் தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். என்னுடைய உண்மையான நூல்கள் லெடன்ஹால் தெரு அலமாரிகளில் இருக்கின்றன, நூறு பெரிய தொகுதிகள் வரும் என்று அதில் வேடிக்கை செய்தார். அந்த மாளிகையை 1860-களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் லாயிட்ஸ் இன்ஷ்யூரன்ஸ்காரர்களின் கட்டிடம் நிற்கிறது.

1834 டிசம்பரில் நடந்து போகும்போது தடுக்கி விழுந்தார். முகத்தில் பட்ட சிறு காயம் விஷமாகி, 27-ந் தேதி இறந்துபோனார். மேரி அவருக்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தாள். லாமின் பென்ஷன் 450 பவுன் என்று சொன்னேன் அல்லவா? கையில் வந்தது 441 தான். தனக்குப் பிறகு தமக்கைக்கு ஜீவனாம்சம் கிடைப்பதற்காக வருஷத்துக்கு ஒன்பது பவுன் பிடித்துக்கொள்ளும்படி 1825-லேயே ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் கணக்கின்படி, 1847 மே மாதம் மேரி கண்ணை மூடும்வரை, லெடன்ஹால் தெருவிலிருந்து அவளுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது.