எத்தனையாவது வரிசை?

மூணாற்று மார்கழிக் குளிருக்கென்று கம்பளிச் சட்டை பின்னும் தாய்மார் எல்லாரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. நாற்பதாவது வரிசையில் கை ஓடிக்கொண்டிருக்கும்; அடுப்பில் பால் பொங்கும். எழுந்து சென்று திரும்பினால், முடித்தது நாற்பதா, நாற்பத்தொன்றா என்பது மறந்துபோயிருக்கும். பூவேலைப் பின்னலாயின் ஒரு வரிசை தவறினாலும் பூ கோணிவிடும். இடக்கைக்கும் வலக்கைக்கும் வரிசை ஒத்திராவிடில் ஒரு கை நீளும், மற்றொரு கை குறுகும். இதற்கு அஞ்சித் தாளில் கோடு கிழிப்பார் சிலர். புளியங்கொட்டையைக் கிண்ணம் மாற்றி வைப்பார் சிலர். எண் பொறித்த சிறு உருளையை ஊசியில் செருகி, வரிசைக்கு ஒரு முறை திருகுவாரும் உளர்.

இத்தொல்லை பின்னுவோர்க்கு மட்டும் உரியதன்று. நூலால் பூவும் கொடியும் சமைத்த நெசவாளரும் இதே கேள்வியோடு போராடியவர்களே. அவர்கள் கண்ட விடையை நேரில் பார்க்க விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பாலக்காட்டு எல்லையை ஒட்டி, திருவில்வாமலைக்கு அருகில், காயத்ரிப்புழை பாரதப்புழையோடு கலக்குமிடத்தில் குத்தாம்புள்ளி என்னும் நெசவூர் இருக்கிறது. கொச்சி அரச குடும்பத்தார் ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் மைசூர்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்து குடியேற்றிய தேவாங்கர்களின் ஊர் அது என்பது வழிவழிச் செய்தி. பிழைப்புத் தேடி மலைகடந்து வந்த நமக்கு, அவர்கள் மூத்த வழிப்போக்கர்கள்.

வெறுந்துணி நெய்வதற்கு நினைவாற்றல் மிகுதியும் வேண்டா. பாவு நூலில் ஒன்றுவிட்டு ஒன்று உயரும். அடுத்த வரிசைக்கு மற்றவை உயரும். இடக்கால் மிதித்தபின் வலக்கால் மிதிப்பது பழகிவிட்டால் காலே கணக்கை வைத்துக்கொள்ளும். பூவேலையில் அது நடவாது. நூற்றுக்கணக்கான பாவு நூல்களுள் எவை எவை உயர வேண்டும் என்பது வரிசைதோறும் மாறும். காஞ்சிபுரத்தார் இதற்கு 'அடை' என்னும் முறையைக் கையாண்டனர். உயர வேண்டிய நூல்களை வரிசை வரிசையாகக் கயிற்றில் கட்டி வைப்பர். உடனிருக்கும் துணையாள் முறைப்படி ஒவ்வொன்றாக இழுத்துக் கொடுக்க, நெசவாளர் ஊடை நூலைச் செலுத்துவார். துணையாளாகப் பெரும்பாலும் அமர்ந்தது ஒரு சிறுவன். பட்டின் அழகைப் புகழும் நாம், எத்தனையாவது கயிறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் தறியருகே இருந்த அப்பிள்ளையை எண்ணிப் பார்ப்பதில்லை.

பிரான்சு நாட்டு லியோன் நகரத்துப் பட்டுத்தறியிலும் இத்தகைய கயிறிழுக்கும் துணையாள் இருந்தான். 1725-இல் பூஷோன் என்பார் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு நூலைத் தேர்ந்தெடுக்க முயன்றார். 1728-இல் ஃபால்கோன் காகிதத்திற்கு மாற்றாக அட்டைகளைக் கோத்தார். 1804-இல் ஜக்கார்டு அமைத்த பொறியே நிலைபெற்றது. ஓர் அட்டை என்பது துணியில் ஒரு வரிசை. துளை உள்ள இடத்து நூல் உயரும். துளை இல்லாத இடத்து நூல் தங்கும். ஒரு முறை மிதித்தால் அடுத்த அட்டை வந்து நிற்கும். நெசவாளர் எழுந்து சென்று உணவருந்தி வந்தாலும், விட்ட வரிசையில் அட்டை காத்திருக்கும். ஆயினும் கவலை முற்றும் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. பிழைபட்ட சில வரிசைகளைப் பிரித்தெடுத்தால், அத்தனை அட்டைகளையும் பின்னோக்கித் திருப்பியாக வேண்டும்.

1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தனர். அதற்கு வேண்டியிருந்த அட்டைகள் ஏறத்தாழ 24,000. அப்படம் ஒன்றை வாங்கி வைத்திருந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளையட்டையையே மேற்கொண்டார். இன்றைய கணினியின் முன்னோர் வரிசையில் தறிக்கும் இடமுண்டு.

குத்தாம்புள்ளித் தறிகளின் மேலும் ஜக்கார்டுப் பெட்டிகள் அமர்ந்திருக்கின்றன. மயிலும் பூவும் அங்கே அட்டைக் கட்டுகளாகத் தொங்குகின்றன. சிறுவனை விடுவித்த அட்டை நெசவாளருக்கு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. மனத்தில் இருக்கும் பூவைப் பிறர் கவர இயலாது. அட்டையில் இறங்கிவிட்ட பூவை விசைத்தறியும் நெய்யும், விரைவாகவும் மலிவாகவும் நெய்யும். 1972-இல் அவ்வூரார் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 2011-இல் குத்தாம்புள்ளிச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. விசைத்தறித் துணி கைத்தறி என்னும் பெயரில் விலைபோவது அதனாலும் நின்றபாடில்லை. ஓணத்துக்குச் செட்டுமுண்டு வாங்கும் நம் இல்லத்தார் இதனை ஒருமுறையேனும் கடைக்காரரிடம் கேட்டறிதல் நன்று.

பிற்காலத்தில் வீட்டுப் பின்னல் பொறிக்கும் துளையட்டை வந்தது. இரண்டு ஊசிகளைக் கையில் பிடித்துப் பின்னும் தாய்மாருக்கு மட்டும் இன்றளவும் புளியங்கொட்டைதான்.