வாயில்கள் இல்லாத வீடு



மருத நிலத்துக்கு உரிப்பொருள் ஊடல் என்பது நமது இலக்கண மரபு. வயலுள்ள இடத்தில் கணவன் மனைவியரிடையே பிணக்கும் உண்டு என்று முன்னோர் கண்டனர். வகுப்பில் ஒருநாள் இதை விளக்கியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்ப சித்தாண்டியில எல்லா ஊட்டிலயும் சண்டதானா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

கடல் கடந்த ஒரு மருத நிலத்தை முதலில் பார்ப்போம். 1872ஆம் ஆண்டு கனடா அரசு ஒரு காணிச் சட்டத்தை இயற்றியது. பத்து டொலர் கட்டணம் செலுத்திய குடியேற்றக்காரனுக்கு 160 ஏக்கர் புல்வெளி நிலம் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் அக்காணியிலேயே குடியிருந்து பயிர் செய்தால் உறுதி அவன் பெயருக்கு வரும். அமெரிக்காவில் 1862இலேயே இத்தகைய சட்டம் வந்துவிட்டது. அங்கு ஐந்து ஆண்டுகள் இருக்கவேண்டும்.

'அக்காணியிலேயே குடியிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். நம் ஊர்களைப்போல வீடுகள் ஓரிடத்தில் சேர்ந்திருக்க, வயல்கள் அப்பால் கிடக்கும் அமைப்பு அங்கு உருவாகவில்லை. ஒவ்வொரு வீடும் தன் 160 ஏக்கரின் நடுவே தனித்து நின்றது. இடையிலுள்ள நிலங்களிற் பெரும்பகுதி புகையிரதக் கம்பனிக்கு ஒதுக்கப்பட்டதால் அயல் வீடு மேலும் தூரமானது. குளிர்காலத்தில் பனி வழியை மூடிவிடும். அந்த வீட்டில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே.

இந்த வாழ்வை எழுதியவர்களுள் சிங்கிளெயர் ரொஸ் முக்கியமானவர். 1908இல் சஸ்கச்சுவான் மாகாணத்திற் பிறந்து, வங்கி ஊழியராக வாழ்ந்தவர். 1939இல் வெளியான அவரது சிறுகதை ஒன்றின் தலைப்பு 'வர்ணம் பூசிய கதவு' என்று பொருள்படும். ஜோன் என்ற கமக்காரன் ஐந்து மைல் தொலைவிலுள்ள தந்தையைப் பார்க்கப் போகிறான். பனிப்புயல் எழுகிறது. தனித்திருக்கும் மனைவி ஆன், பொழுது போகாமல் கதவுக்கு வர்ணம் பூசுகிறாள். அயலவன் ஸ்டீவன் துணைக்கு வருகிறான். இந்தப் புயலில் கணவன் திரும்பமாட்டான் என்று எண்ணி அவள் வழி தவறுகிறாள். மறுநாள் ஜோன் வேலியோரத்தில் உறைந்து இறந்து கிடக்கிறான். அவனது உள்ளங்கையில் வர்ணம் ஒட்டியிருக்கிறது. அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான், கண்டிருக்கிறான், ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போயிருக்கிறான்.

ஜோன் கொடியவன் அல்லன், மனைவிக்காகவே உழைத்தவன். ஆனும் தீயவள் அல்லள். இருவருக்கும் இடையே பேச ஒருவரும் இல்லை என்பதே அங்கு நேர்ந்த கேடு.

இனி நமது மருதத்துக்கு வருவோம். ஊடலைத் தீர்க்கத் தொல்காப்பியர் 'வாயில்கள்' எனப் பன்னிருவரைக் கூறுகிறார். தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர் ஆகியோர் அவர்களுட் சிலர். சண்டை வராத குடும்பம் என்று ஒன்றை நம் மரபு கற்பனை செய்யவில்லை. சண்டை வந்தால் இடையிலே நிற்க ஆள் வேண்டும் என்றே அது கருதியது.

மட்டக்களப்பில் இவ்வமைப்பு நெடுங்காலம் நிலைத்தது. எங்கள் ஊர் ஆண்கள் சந்தனமடு ஆற்றுக்கு அப்பாலுள்ள வட்டைகளில் வேளாண்மை செய்தனர். விதைப்பு முதல் சூடு மிதிக்கும் வரை வாடியே அவர்களுக்கு வீடு. யானைக்கும் பன்றிக்கும் பரணில் இராக்காவல் இருந்தனர். தனிமை அவர்களுடையது. மனைவியோ ஊரில் இருந்தாள். அதுவும் தன் வீட்டில். பெண்ணுக்கே வீடு சீதனம். மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருபவர். தாயும் அக்கா தங்கையரும் அடுத்தடுத்த வளவுகளில் இருப்பார்கள்.

என் அம்மம்மா ஒருமுறை, கோயில் திருவிழாவுக்கு வாடியிலிருந்து வராமற்போன அம்மப்பாவோடு பத்து நாள் பேசவில்லையாம். சோறு போடுவாள், முகம் பாராள். கடைசியில் அவள் தாயார் வேலிக்கு அப்பால் நின்று, "புள்ள, மனிசன் யானைக்குத் தப்பி வந்திரிக்கான், நீ ஏன் அவனக் கொல்லுறாய்?" என்றாராம். ஊடல் முடிந்தது.

இந்த வேலிப் பேச்சு இல்லாத இடமும் ஈழத்தில் உண்டு. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. வன்னியின் தண்ணிமுறிப்பில், காட்டோரம் தனித்து வாழும் கதிராமன், பதஞ்சலி என்னும் இளந்தம்பதியரையும், அங்கு வரும் ஆசிரியர் சுந்தரலிங்கத்தையும் சுற்றி அமைந்த நாவல் அது. முடிவை நான் சொல்லப்போவதில்லை; வாசித்தறியுங்கள். ரொஸின் கதையை இவர் படித்தாரோ இல்லையோ, ஒரே வகையான தனிமை இரு தேசங்களிலும் ஒரே வகையான சோதனையைக் கொண்டுவந்தது என்பதே நான் சுட்ட விரும்புவது.

1990ஆம் ஆண்டின் வன்செயலும் தொடர்ந்து 2009 வரை நீடித்த போரும் எங்கள் வளவுகளைக் கலைத்துவிட்டன. அடுத்த வளவுத் தங்கை இன்று சவூதியில் வீட்டு வேலை செய்கிறாள், மற்றவள் கனடாவில். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அங்கே புல்வெளி மாகாணமொன்றில் வாழ்கிறாள். கணவன் இரண்டு வேலை செய்கிறான். சென்ற மாரியில் தொலைபேசியில் கதைத்தாள். "சேர், கதவத் துறந்தா பனிதான். அவரும் பாவம், களைச்சு வந்து படுக்கிறார். கதைக்க ஒரு ஆளில்ல" என்றாள். 'வர்ணம் பூசிய கதவு' வேற்று நாட்டார் கதை என்ற எண்ணம் அன்றோடு எனக்கு நீங்கிற்று.

மாணவனின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். தம்பி, எல்லா வீட்டிலும் சண்டை உண்டு. ஆனால் சண்டையினால் மட்டும் வீடு உடைவதில்லை. இடையே நின்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாதபோதே உடைகிறது. தொலைவில் இருக்கும் உங்கள் அக்காவை, தங்கையை, மகளை இன்றிரவு அழைத்துப் பேசுங்கள் நேயர்களே. காசு வந்ததா என்று மட்டும் கேளாமல், வீட்டில் இருவரும் கதைக்கிறீர்களா என்றும் கேளுங்கள்.