பட்டறையும் பல்கலைக்கழகமும்: கைத்திறன் எண்ணாக மாறிய வரலாறு

பொறியியற் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பாடத்திட்டங்களையும் பேராசிரியர்களையும் பற்றி விரிவாகக் கூறுவர். ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட பொறிகளைப் பற்றிக் கூறுவது குறைவு. ஆயின் அங்கு எத்தகைய கருவி வைக்கப்படுகிறது என்பது, எவருடைய அறிவு அறிவாக மதிக்கப்படுகிறது என்பதையும் உணர்த்துவதாகும். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1876ஆம் ஆண்டிலும் 1952ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த இரு மாற்றங்கள் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றுகளாகும்.

முதலாவது மாற்றத்தின் மூலம் ருஷ்யாவிலுள்ளது. உலோகத்தையும் மரத்தையும் உருவாக்கும் திறன் நெடுங்காலமாகக் குரு சீட முறையிலேயே கைமாறி வந்தது. பயில்பவன் ஆசானருகில் நின்று, கண்டு, செய்து, ஆண்டுக்கணக்கிற் கற்றான். மொஸ்கோ பேரரசுத் தொழினுட்பப் பாடசாலையின் இயக்குநராயிருந்த விக்டர் டெல்லா வோஸ் 1868இல் இம்முறைக்கு மாறானதொன்றைப் புகுத்தினார். விற்பனைக்குப் பொருள் செய்யும் பட்டறைகளிலிருந்து கற்பித்தற் பட்டறைகள் பிரிக்கப்பட்டன. தச்சு, கடைசல், பொருத்துவேலை, கொல்வேலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை அமைந்தது. ஒவ்வொரு மாணவனுக்கும் தனியிடமும் தனிக் கருவித்தொகுதியும் கிடைத்தன. தொழில் முழுவதும் அடிப்படைச் செய்கைகளாகப் பகுக்கப்பட்டு, எளியனவற்றிலிருந்து கடினமானவற்றுக்கு ஏறிச்செல்லும் பயிற்சிகளாக ஒழுங்குபடுத்தப்பட்டது. இவற்றிலே தேறிய பின்னரே மாணவர் உற்பத்திப் பட்டறைக்குச் சென்றனர்.

1876இல் பிலடெல்பியாவில் நடைபெற்ற அமெரிக்க நூற்றாண்டுக் கண்காட்சியில் இப்பயிற்சிகளின் மாதிரிகள் வைக்கப்பட்டன. அவற்றைக் கண்ட மசச்சூசெற்ஸ் நிறுவகத்தின் தலைவர் ஜோன் றங்கிள், தம் நிறுவகத்திலும் அத்தகைய பட்டறைகளை அமைக்குமாறு ஆட்சிக்குழுவுக்குப் பரிந்துரைத்தார்; அவ்வாண்டிலேயே அதற்கு இசைவும் கிடைத்தது. இரசாயனத்தை ஆய்வுகூடத்திற் கற்பிப்பது போலக் கைத்தொழிலின் அடிப்படைகளையும் ஒரே வேளையில் ஒரு வகுப்பு முழுவதற்கும் கற்பிக்கலாம் என்பது அவர் கண்ட உண்மை. எனினும் அவர் கற்பித்தற் பட்டறையை மட்டுமே ஏற்றார். மொஸ்கோவில் அதனுடன் இணைந்திருந்த உற்பத்திப் பட்டறையை ஏற்கவில்லை. இதனால் திறன் உற்பத்தியிலிருந்து பிரிந்து, பாடமாயிற்று. கூலிக்கு உழைத்தவனின் கையிலிருந்த அறிவு பல்கலைக்கழகத்தினுள் மதிப்புப் பெற்றது. ஆயின் அதன் உரிமையாளன் வாயிலுக்கு வெளியிலேயே நின்றான்.

இரண்டாவது மாற்றம் இப்பிரிவினையை மேலும் ஆழமாக்கியது. ஹெலிகொப்டர்ச் சுழலிகளின் அலகுகளைத் தயாரித்த ஜோன் பார்சன்ஸ் என்பவர், வளைந்த பரப்புகளின் புள்ளிகளைக் கணித்து, அவ்வெண்களைக் கொண்டே பொறியை இயக்க எண்ணினார். 1949இல் அமெரிக்க விமானப்படை அவருக்கு ஒப்பந்தம் வழங்கியது. அவர் அதே மசச்சூசெற்ஸ் நிறுவகத்தின் சேர்வோமெக்கானிசம் ஆய்வுகூடத்தின் துணையை நாடினார். 1940இல் கோர்டன் பிறவுண் என்பவரால் நிறுவப்பட்ட இவ்வாய்வுகூடம், போர்க்காலத்தில் பீரங்கிகளைத் தன்னியக்கமாகத் திருப்பும் ஆராய்ச்சியில் தேர்ந்திருந்தது.

1952 செப்டெம்பரில் அங்கு காட்சிப்படுத்தப்பட்ட பொறி, சின்சினாற்றி நிறுவனத்தின் மில்லிங் பொறியொன்றைத் திருத்தியமைத்ததாகும். அதன் கட்டுப்பாட்டுத் தொகுதியில் ஏறத்தாழ 250 வால்வுகளும் 175 ரிலேக்களும் இருந்தன. துளையிடப்பட்ட கடதாசி நாடாவிலிருந்து கட்டளைகள் பெறப்பட்டன. ஒவ்வொரு மின்துடிப்பும் பொறியை 0.0005 அங்குலம் நகர்த்தியது; மூன்று அச்சுகளும் ஒருங்கே இயங்கின. கைப்பிடியைச் சுழற்றும் தொழிலாளியின் தேவை இவ்வேலைக்கு இல்லாதொழிந்தது.

இவ்விடத்தில் நோக்கற்பாலதொன்று உண்டு. 1940களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வேறொரு முறையை உருவாக்கியிருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒரு பொருளைச் செய்யும்போது பொறியின் அசைவுகள் காந்த நாடாவிற் பதிவாகும். பின்னர் பொறி அவற்றைத் திரும்பச் செய்யும். அம்முறையில் அறிவின் ஊற்று தொழிலாளியே. எண்முறையிலோ ஊற்று கணிப்பவரின் மேசையாகும். வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட நூலில், பதிவுமுறை கைவிடப்பட்டதற்குத் தொழினுட்பக் காரணங்கள் மட்டுமன்றி, தொழிற்சாலையின் அதிகாரத்தை முகாமையிடம் குவிக்கும் விருப்பமும் காரணமாயிற்று என வாதிட்டார்.

இவ்வாதத்தை முழுமையாக ஏற்பது கடினம். விமானத்தின் சிக்கலான வளைபரப்புகளைக் கையினால் ஒருமுறையேனும் செப்பமாகச் செய்ய இயலாதவிடத்து, பதிவு செய்வதற்கு எதுவும் இல்லை. எண்முறையின் வலிமை இங்கேதான் வெளிப்பட்டது. எனினும் சந்தை அதனை விரைந்து ஏற்கவில்லை என்பதும் மறுக்கவியலாதது. 1950களின் பிற்பகுதியில் விமானப்படையே இத்தகைய பொறிகளை வாங்கி விமானத் தொழிற்சாலைகளில் நிறுவ வேண்டியதாயிற்று. அங்கும் வெட்டியின் தேய்வை ஒலியினால் உணர்ந்து பொறியைத் தக்க வேளையில் நிறுத்துவதற்கு அனுபவமுள்ள தொழிலாளி தேவைப்பட்டான். நாடாவில் எழுதப்படாத அறிவு எஞ்சியேயிருந்தது.

டெல்லா வோஸ் கைத்திறனைப் பயிற்சிகளாகப் பகுத்தார்; சேர்வோமெக்கானிசம் ஆய்வுகூடம் அதனை எண்களாகப் பகுத்தது. முன்னையது பொறியியலாளனைப் பட்டறைக்கு அழைத்துவந்தது; பின்னையது அவனைப் பட்டறையிலிருந்து மீண்டும் மேசைக்கு அனுப்பியது. இன்று கணனிவழி இயங்கும் பொறிகள் உலகின் பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றுள்ளன. அவற்றின் அருகே ஓர் அரமும் ஓர் இடுக்கியும் இன்னும் வைக்கப்பட்டிருக்குமாயின், அது பழைமையின் மீதுள்ள பற்றினாலன்று. எண்ணுக்குள் அடங்காத அறிவையும் பொறியியலாளன் ஒருமுறையேனும் தன் கையால் உணர வேண்டும் என்பதனாலேயாகும்.